ஸரந்தீப் தந்த ஆங்கிலச் சொல்

 

சென்ற இதழ் கைக்குக் கிடைத்த சில நாட்களில், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் சகோதரி ஒருவரிடமிருந்து இப்பகுதிக்குக் கடிதம் ஒன்று வந்தது. அவருடைய ஆங்கிலப் பாடத்தில் ஒரு முதிய மருத்துவரைப் பற்றிய கட்டுரை இருக்கிறதாம். அம்மருத்துவருக்கு ‘ஸெரண்டிப்பிட்டி’ என்னும் ஆற்றல் வாய்த்திருந்தது என்று அதில் ஒரு வாக்கியம். அகராதியைப் புரட்டினால் ‘எதிர்பாராத அதிர்ஷ்டம்’ என்று போட்டிருக்கிறது. சகோதரி கேட்கிறார்: “அதிர்ஷ்டம் ஒருவருக்கு வரும், போகும். அது எப்படி ஒருவரிடம் ஆற்றலாகத் தங்கியிருக்க முடியும்? அகராதி தவறா, பாடநூல் தவறா?”

கேள்வியைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது, சற்று வெட்கமாகவும் இருந்தது. மகிழ்ச்சி, ஒரு சொல்லை இப்படி நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள் என்பதால். வெட்கம், அஞ்சல் வழியில் பி.ஏ. படித்த நாளிலிருந்து பல்லாண்டுகளாக நானும் இச்சொல்லுக்குத் ‘தற்செயல்’ என்றே பொருள் சொல்லி வந்தவன் என்பதால். பாடநூல் சரி. அகராதி பாதிப் பொருளைத் தந்திருக்கிறது. விட்டுப்போன மறு பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் உச்சரிப்பு. ‘ஸெ-ரண்-டிப்-பி-ட்டி’ என ஐந்து அசைகள். அழுத்தம் நடுவிலுள்ள ‘டிப்’பில் விழும். உரக்கச் சொல்லிப் பாருங்கள். ‘ஸெரண்டிப்’ என்ற முற்பகுதி காதுக்குப் பழக்கமானதாகப் படவில்லையா? ஆம், அது நம் பெரியவர்கள் வாயில் புழங்கிய ஸரந்தீப்தான். இன்றைய இலங்கைக்கு அரபுகளும் பாரசீகர்களும் வழங்கிய பெயர் அது. சிங்களத் தீவு என்னும் பொருளுடைய ‘சிம்ஹலத்வீபம்’ என்ற வடசொல்லின் திரிபே இது என்பது அறிஞர் பலர் கொண்ட முடிவு. சேரன் தீவு என்பதே ஸரந்தீப் ஆயிற்று என வாதிடும் தமிழன்பர்களும் உண்டு. அந்த வழக்கிற்குள் நாம் போக வேண்டாம்.

ஆதி பிதா ஆதம் (அலை) அவர்கள் இறக்கப்பட்ட இடம் ஸரந்தீப் மலை என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கின்றனர். திருக்குர்ஆன் இடத்தின் பெயரைக் கூறவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆயினும் அச்செய்தியின் காரணமாக அரபு நாட்டு மாலுமிகளும் யாத்ரீகர்களும் அம்மலையைத் தேடி வந்தனர். 1344 ஆம் ஆண்டு இப்னு பதூதா மாலத் தீவுகளிலிருந்து புத்தளம் கரையில் இறங்கி, பாவா ஆதம் மலை ஏறி, அங்குள்ள பாதச் சுவட்டைக் கண்டதைத் தம் பயண நூலில் விரிவாக வரைந்துள்ளார். ஆயிரத்தோர் இரவுகளின் ஸிந்துபாத்துங்கூட ஆறாம் பயணத்தில் ஸரந்தீபில்தான் கரையேறுகிறான்.

இப்பெயர் ஆங்கில அகராதிக்குள் எப்படிப் புகுந்தது?

இங்கிலாந்தின் முதல் பிரதமர் எனக் கருதப்படும் ராபர்ட் வால்போலுக்கு ஹொரேஸ் வால்போல் என்றொரு மகன் இருந்தார். அரசியலில் பெரிதாகச் சாதிக்கவில்லை. பழம்பொருள் சேகரிப்பதும், நண்பர்களுக்கு ஓயாமல் கடிதம் எழுதுவதும் அவருடைய வேலை. இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பிரிட்டிஷ் தூதராக இருந்த ஹொரேஸ் மான் என்ற நண்பர், பியாங்கா கப்பெல்லோ என்ற பழங்காலச் சீமாட்டியின் ஓவியத்தை அவருக்கு அனுப்பி வைத்தார். வெனிஸ் நகரத்துக் குடும்பச் சின்னங்களைப் பற்றிய பழைய நூலொன்றை ஒரு நாள் புரட்டிக் கொண்டிருந்தபோது, கப்பெல்லோ குடும்பத்தின் சின்னத்தில் அவள் வாழ்க்கைப்பட்ட மெதிச்சி குடும்பத்தின் அடையாளமும் சேர்ந்திருப்பதை வால்போல் கண்டார். சிறிய விஷயம்தான். ஆனால் அவருக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. 1754 ஜனவரி 28 அன்று நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இப்படிப்பட்ட கண்டுபிடிப்புக்குத் தாமே ஒரு பெயர் வைத்திருப்பதாகக் கூறி, ‘ஸெரண்டிப்பிட்டி’ என்ற சொல்லை வார்த்தார். தாம் எப்போதோ படித்த ‘ஸரந்தீபின் மூன்று இளவரசர்கள்’ என்னும் அற்பக் கதையிலிருந்து அதை எடுத்ததாகவும் விளக்கினார். அந்த இளவரசர்கள் வழிநெடுகத் தாங்கள் தேடாதவற்றைத் தற்செயலாலும் கூர்மதியாலும் கண்டறிந்து கொண்டே போனார்களாம்.

‘தற்செயலாலும் கூர்மதியாலும்’ என்பதைச் சகோதரி அடிக்கோடிட்டுக் கொள்ளட்டும். வால்போல் இரண்டையும் சேர்த்தே சொன்னார். பின்வந்தவர்கள் தற்செயலை வைத்துக் கொண்டு கூர்மதியைக் கைவிட்டு விட்டனர்.

வால்போல் ‘அற்பக் கதை’ என்று தள்ளிய அதைத்தான் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஸரந்தீபின் மன்னர் ஜாஃபர் தம் மூன்று மக்களையும் உலகம் கற்றுவர வெளியே அனுப்புகிறார். அவர்கள் பாரசீக மன்னர் பஹ்ராமின் நாட்டிற்குள் நடந்து போகும்போது, ஒட்டகத்தைத் தொலைத்த ஒருவன் எதிரே வருகிறான். “எங்கள் ஒட்டகத்தைக் கண்டீர்களா?” என்று கேட்கிறான். “உன் ஒட்டகத்துக்கு ஒரு கண் குருடா?” என்கிறார் ஒருவர். “ஒரு பல் இல்லையா?” என்கிறார் அடுத்தவர். “ஒரு கால் நொண்டியா?” என்கிறார் மூன்றாமவர். மூன்றும் சரி. அவர்கள் காட்டிய வழியில் ஓடித் தேடிக் காணாமல் அவன் திரும்பி வருகிறான். அப்போது இளவரசர்கள், அதன் முதுகில் ஒரு பக்கம் வெண்ணெயும் மறுபக்கம் தேனும் இருந்தன, ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் அமர்ந்திருந்தாள் என்று மேலும் சொல்கின்றனர். இவ்வளவு அறிந்தவர்கள் திருடர்களாக அல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்? மன்னரிடம் முறையிடுகிறான். மூவரும் சிறைக்குப் போகின்றனர்.

பிறகு ஒட்டகம் வேறிடத்தில் அகப்படுகிறது. விடுதலையான இளவரசர்களை மன்னர் விசாரிக்கிறார். அவர்கள் ஒட்டகத்தைக் கண்ணால் கண்டதே இல்லை! பாதையின் ஒரு பக்கம் புல் செழித்திருக்க, காய்ந்த பக்கத்துப் புல்லே மேயப்பட்டிருந்தது, ஆகவே மறு பக்கத்துக் கண் தெரியாது. மென்ற புல் ஒரு பல்லின் அகலத்துக்குத் துண்டு துண்டாக விழுந்து கிடந்தது. ஒரு காலின் தடம் இழுபட்டிருந்தது. ஒருபுறம் எறும்பு மொய்த்தது, மறுபுறம் ஈ மொய்த்தது. ஒட்டகம் மண்டியிட்ட இடத்தில் ஒரு பெண்ணின் காலடியும், எழுந்திருக்கக் கையூன்றிய அடையாளமும் இருந்தன. வால்போல் கடிதத்தில் ஒட்டகத்தைக் கோவேறு கழுதையாக மாற்றிவிட்டார். நினைவிலிருந்து எழுதுபவர்களுக்கு நேரும் பிழைதான்.

வால்போலுக்கு இக்கதை பிரெஞ்சு வழியாகவோ ஆங்கிலம் வழியாகவோ வந்திருக்கும். பிரெஞ்சு நூல் 1719 இலும் ஆங்கில நூல் 1722 இலும் வெளிவந்தன. அவற்றுக்கு மூலம் 1557 இல் வெனிஸ் நகரில் அச்சான இத்தாலிய நூல். கிறிஸ்தோபர் என்னும் அர்மீனியர் பாரசீகத்திலிருந்து பெயர்த்ததாக அந்நூலே கூறுகிறது. இன்னும் பின்னே போனால் நாம் வந்து நிற்பது டில்லியில்! ஹஜ்ரத் நிஜாமுத்தீன் அவ்லியா அவர்களின் அன்புச் சீடர் அமீர் குஸ்ரூ, ‘ஹஷ்த் பிஹிஷ்த்’, அதாவது எட்டுச் சுவனங்கள் என்னும் பாரசீகக் காவியத்தை 1302 ஆம் ஆண்டு வாக்கில் இயற்றினார். பஹ்ராம் மன்னருக்கு இந்திய இளவரசி கூறுவதாக அதில் வரும் கதை, ஸரந்தீபின் மூன்று இளவரசர்களின் கதையே.

அங்கும் முடியவில்லை. ஹிஜ்ரி 310 இல் மறைந்த இமாம் தபரீ அவர்களின் பெரும் வரலாற்று நூலில் இதே ஒட்டகம் நிற்கிறது! ஸரந்தீப் இளவரசர்களின் இடத்தில் அங்கே இருப்பவர்கள் நிஸாரின் மக்களான முளர், ரபீஆ, இயாத், அன்மார் ஆகிய நால்வர். நிஸாரும் முளரும் யாரென்று நம் வீட்டுப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். பெருமானார் (ஸல்) அவர்களின் வம்ச வரிசையில் வரும் முன்னோர்கள் அவர்கள். தந்தையின் சொத்தைப் பங்கிட்டுத் தரும்படி நஜ்ரானிலிருந்த அஃப்ஆ அல் ஜுர்ஹுமீ என்னும் அறிவாளியிடம் நால்வரும் புறப்பட்டுச் செல்கின்றனர். வழியில் மேயப்பட்ட புல்லைக் கண்டு, “இதை மேய்ந்த ஒட்டகம் ஒற்றைக்கண்” என்கிறார் முளர். “கால் கோணல்” என்கிறார் ரபீஆ. “வால் அறுந்தது” என்கிறார் இயாத். “மிரண்டோடும் குணமுடையது” என்கிறார் அன்மார். ஒட்டகக்காரன் வந்து பிடித்துக் கொள்கிறான். நாங்கள் அதைப் பார்க்கவில்லை என்று நால்வரும் சத்தியம் செய்கின்றனர். அவன் நம்பாமல் பின்தொடர்ந்து நஜ்ரான்வரை வந்து முறையிடுகிறான்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். பஹ்ராம் முதலில் சிறையிலிட்டார், உண்மை வெளிப்பட்ட பிறகே விளக்கம் கேட்டார். அஃப்ஆ முதலிலேயே கேட்டார்: “பார்க்காமல் எப்படி வருணித்தீர்கள்?” ஒரு பக்கமே மேய்ந்திருந்தது என்றார் முளர். ஒரு முன்னங்கால் தடம் அழுத்தமாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தது என்றார் ரபீஆ. சாணம் குவியலாகக் கிடந்தது, வால் இருந்தால் வீசிச் சிதறியிருக்கும் என்றார் இயாத். செழிப்பான இடத்தில் மேய்ச்சலைப் பாதியில் விட்டு வறண்ட இடத்துக்குப் போயிருக்கிறது என்றார் அன்மார். அஃப்ஆ ஒட்டகக்காரனிடம், “இவர்கள் உன் ஒட்டகத்தை எடுத்தவர்கள் அல்லர், வேறிடம் தேடு” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்த இடத்தை வாசிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு சிறுவனின் முகம் நினைவுக்கு வருகிறது. அதை எழுதாமல் மேலே போக மனம் வரவில்லை.

சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன், நான் மத்ரஸாவில் சேர்ந்த புதிது. மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை. அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்த அயலூர்க்காரர் ஒருவர், பள்ளிவாசல் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த தம் சைக்கிளைக் காணவில்லை என்று சத்தமிட்டார். ஓத வந்திருந்த பிள்ளைகள் கூடிவிட்டனர். பதினொரு வயதுப் பையன் ஒருவன் முன்னே வந்து, “மாமா, உங்க சைக்கிள்ல ஸ்டாண்டு ஸ்பிரிங் போயிருக்குமா? பின் டயர்ல ஓரிடத்துல வெட்டு இருக்குமா? காத்தும் கம்மியா இருந்துச்சா?” என்று கேட்டான். மூன்றும் உண்மை. அவர் அவன் கையைப் பிடித்துக் கொண்டார். “இவனுக்குத் தெரியும், இவன் கூட்டாளிகள்தான் எடுத்திருக்கிறார்கள்!” பையன் சைக்கிளைப் பார்க்கவே இல்லை என்றான். பார்க்காதவனுக்கு இவ்வளவு எப்படித் தெரியும் என்று எனக்கும் கோபம் வந்தது. பொய் சொல்கிறான் என்றே முடிவு கட்டினேன். பிரம்பால் இரண்டு அடி கொடுத்தேன். “மண்ணைப் பாருங்க ஹஜ்ரத், மண்ணைப் பாருங்க” என்று அழுதான். நான் மண்ணைப் பார்க்கவில்லை.

மஃரிபுக்குச் சற்று முன்னர் எங்கள் முஹல்லாவைச் சேர்ந்த முதியவர் ஒருவர் அந்தச் சைக்கிளைத் தள்ளிக் கொண்டு வந்தார். தம்முடையது என எண்ணி எடுத்துப் போய்விட்டாராம். அதே நிறம், அதே உயரம். அவருடைய சைக்கிள் அவ்வளவு நேரமும் சுவரின் மறு மூலையில் நின்று கொண்டிருந்தது. அத்தனை கூட்டத்தில் ஒருவர்கூட அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் ஸுபுஹுத் தொழுகைக்குப் பின் நான் மட்டும் அந்த மண்ணைப் போய்ப் பார்த்தேன். செம்மண் இறுகியிருந்தது. இரு சக்கரத் தடங்களில் ஒன்று மட்டும் அகலமாகப் பரந்திருந்தது. பக்கத்திலேயே விட்டுவிட்டு ஒரு கீறல், தொங்கிய ஸ்டாண்டு உரசியது. அகலத் தடத்தில் ஏறத்தாழ ஏழடிக்கு ஒருமுறை ஒரே மாதிரியான சிறு வடு. சக்கரத்தின் ஒரு சுற்று அவ்வளவுதான். பையனின் அத்தா சைக்கிள் கடை வைத்திருந்தவர். பிள்ளை பஞ்சர் ஒட்டும் தொட்டியருகே வளர்ந்தவன். அவனுக்கு அந்த மண் திறந்த புத்தகமாக இருந்திருக்கிறது. எனக்குப் புத்தகம் மட்டுமே படிக்கத் தெரிந்திருந்தது. அந்த மாதத்தோடு அவன் ஓத வருவதை நிறுத்திவிட்டான். நான் வீடு தேடிப் போய் அழைத்திருக்க வேண்டும். போகவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் புறவழிச் சாலையில் அவனுடைய மோட்டார் சைக்கிள் பட்டறையைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். “அதையெல்லாம் இன்னுமா நினைச்சிட்டிருக்கீங்க ஹஜ்ரத்?” என்று சிரித்தான். ஆனால் அவன் மறக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. எந்தக் கையில் அடித்தேன் என்பதை அவனே சொன்னான்.

சரி, சொல்லுக்கு வருவோம். சுவட்டைக் கண்டு சுவட்டுக்குரியவரை அறியும் கலையை அரபுகள் ‘கியாஃபா’ என்றனர். பனூ முத்லிஜ் கோத்திரத்தார் அதில் பெயர் பெற்றவர்கள். ஜைத் (ரலி) அவர்கள் நல்ல நிறம், அவர்களின் மகன் உஸாமா (ரலி) அவர்கள் கறுப்பு. இதை வைத்துச் சிலர் ஐயம் கிளப்பி வந்தனர். இருவரும் போர்வைக்குள் உறங்கிக் கொண்டிருக்க, வெளியே தெரிந்த பாதங்களை மட்டும் கண்ட முஜஸ்ஸிஸ் அல் முத்லிஜீ, இப்பாதங்கள் ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டுப் பெருமானார் (ஸல்) அவர்களின் திருமுகம் மகிழ்ச்சியால் மின்னியது என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. வெளியே தெரியும் குறிகொண்டு உள்ளிருப்பதை உணரும் கூர்மைக்கு அரபியில் ‘ஃபிராஸத்’ என்று பெயர். வால்போல் கூறிய கூர்மதிக்கு அச்சொல் அழகாகப் பொருந்துகிறது.

தற்செயல் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் பெரியவர்களும் நம்மிடையே உண்டு. எல்லாம் நஸீபு, தற்செயல் ஏது என்பார்கள். மனிதன் நாடிச் செல்லாமல் அவன் முன் வந்து நிற்பது என்ற அளவில் மட்டுமே அச்சொல்லை இங்கு ஆள்கிறேன். வால்போலும் அதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.

பின்னாளில் இச்சொல்லை அறிவியலாளர்கள் தத்தெடுத்துக் கொண்டனர். அமெரிக்க உடலியல் பேராசிரியர் வால்டர் கேனன் 1945 இல் வெளியிட்ட நூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் எலினார் பார்பருடன் சேர்ந்து இந்த ஒரு சொல்லின் சரித்திரத்தையே முழு நூலாக எழுதினார். 1958 இல் எழுதி முடித்த அந்நூல் 2002 இல் இத்தாலிய மொழியிலும் 2004 இல் ஆங்கிலத்திலும்தான் அச்சாயிற்று.

அறிவியலில் எடுத்துக்காட்டு என்றால் 1928 இல் பிளெமிங் பெனிசிலினைக் கண்ட கதையைத்தான் எல்லோரும் சொல்வர். எனக்குப் பிடித்தது பெர்க்கினின் கதை. 1856 இல் லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது மாணவர், விடுமுறையில் வீட்டுச் சோதனைச் சாலையில் கொய்னாவைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றார். மலேரியாக் காய்ச்சலுக்கு அன்று அதுவே மருந்து. கொய்னா வரவில்லை, குடுவையில் கருநிறக் கசடு மிஞ்சியது. கசடைச் சாராயத்தில் கரைத்தபோது அழகிய ஊதா நிறம் எழுந்தது. அந்தக் கணம்வரை நடந்தது தற்செயல். கழுவிக் கொட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் ஒரு பட்டுத்துணியை அதில் தோய்த்தார். சாயம் துவைத்தாலும் போகவில்லை, வெயிலில் வைத்தாலும் மங்கவில்லை. ஸ்காட்லாந்தின் சாயத் தொழிற்சாலை ஒன்றுக்கு மாதிரி அனுப்பிக் கருத்துக் கேட்டார். உலகச் சந்தையைப் பிடித்த செயற்கைச் சாயங்களின் வரலாறு அங்கிருந்து தொடங்கியது. குடுவையில் கசடு மிஞ்சிய மாணவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். துணியைத் தோய்த்துப் பார்த்தவரையே ஸெரண்டிப்பிட்டி உடையவர் என்கிறோம்.

நம் தமிழில் இதற்கு நேரான பழமொழி உண்டா என்று தேடிப் பார்த்தேன். ‘காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது’ என்போம். அதில் தற்செயல் மட்டுமே இருக்கிறது, காக்கையின் மதிக்கு வேலையில்லை. ‘பழம் நழுவிப் பாலில் விழுந்தது’ என்பதும் அப்படியே. ‘தேடிப் போன மூலிகை காலில் சிக்கியது’ என்பது ஏறக்குறைய நெருங்கி வருகிறது. ஆனால் அங்கே கிடைத்தது தேடிய பொருள். ஸெரண்டிப்பிட்டியில் கிடைப்பது தேடாத பொருளாக இருக்க வேண்டும். ‘கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது’ என்பதில் தேடியது ஒன்று, கிடைத்தது வேறு. ஆனால் கிடைத்தது தொல்லை! பூதத்துக்குப் பதில் புதையல் புறப்பட்டு, அது புதையல்தான் என்று இனங்காணும் அறிவும் வெட்டியவனுக்கு இருந்தால், அப்போது பழமொழி பொருந்தும். அப்படி ஒன்று நம் ஊர்ப்புறங்களில் வழங்குவதாக அறிந்த வாசகர்கள் எழுதியனுப்புங்கள்.

வழக்கில் கையாளும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பழைய சட்டைப் பையில் நூறு ரூபாய் அகப்பட்டால் அது வெறும் நல்வாய்ப்பு. அதற்கு ஆங்கிலத்தில் ‘லக்’ என்ற சிறு சொல்லே போதும். பேருந்து நிலையத்தில் பழைய தோழியைச் சந்திப்பதற்கும் இன்று ஸெரண்டிப்பிட்டி என்று எழுதுகிறார்கள். இன்றைய அகராதிகள் அதையும் ஏற்றுக் கொண்டுவிட்டதால் தவறென்று அடிக்க முடியாது. எனக்கு அது உடன்பாடில்லை, அவ்வளவுதான். மின் கட்டண ரசீதைத் தேடி அலமாரியைக் கலைக்கும்போது பாட்டனாரின் பழைய பத்திரம் கையில் தட்டுப்படுகிறது. மடித்து வைத்துவிடாமல் பிரித்துப் படித்து, அதிலுள்ள எல்லைக் குறிப்பைக் கொண்டு இத்தனை நாளும் தீராதிருந்த வேலித் தகராறுக்கு விடை காண்கிறீர்கள். இதை ஸெரண்டிப்பிட்டி என்று தாராளமாகச் சொல்லலாம். பெயரடையாக வரும்போது ‘ஸெரண்டிப்பிட்டஸ்’ என்றாகும். ‘ஸெரண்டிப்பிட்டஸ் கண்டுபிடிப்பு’ என்பது போல. பன்மையில் எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை.

இதற்கு எதிர்ச்சொல் உண்டா என்று கேட்பவர்களுக்காக ஒரு வரி. வில்லியம் பாய்ட் என்ற எழுத்தாளர் 1998 இல் வெளிவந்த தம் நாவலில் ‘ஸெம்பிளானிட்டி’ என்று ஒன்றை உருவாக்கினார். ஸரந்தீப் இளஞ்சூடான தென்கடல் தீவு என்றால், அதற்கு மாறாக வடகோடியில் உறைந்து கிடக்கும் நோவா ஸெம்பிளா தீவின் பெயரிலிருந்து அதை எடுத்தார். தேர்வில் எழுத வேண்டாம், ஆசிரியருக்கே தெரியாமல் போகலாம்.

இனி, சகோதரி கேட்ட வாக்கியம். அங்கே அந்த மருத்துவருக்கு அதிர்ஷ்டம் இருந்தது என்று மொழிபெயர்த்தால் கட்டுரையாசிரியரின் கருத்து கெட்டுவிடும். ‘நாடிச் செல்லாததும் கண்ணில் படும்போது அதன் பயனை உணர்ந்து கொள்ளும் கூர்மை அம்மருத்துவருக்கு இருந்தது’ என்று எழுதுங்கள். நீளம்தான். ஒற்றைச் சொல் வேண்டுமென்றால் ஸெரண்டிப்பிட்டி என்றே தமிழில் எழுதி, அடியில் விளக்கம் கொடுப்பது நல்லது. உங்கள் பேராசிரியர் அகராதியைக் காட்டி மதிப்பெண் குறைத்தால், வால்போலின் கடிதத் தேதியைப் பணிவோடு அவரிடம் தெரிவியுங்கள்.

அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ், கிப்லாவின் திசையைக் கணிக்கும்போது பயன்படும் ‘அஸிமத்’ என்ற சொல்லைப் பார்ப்போம். அதுவும் அரபு மண்ணிலிருந்து கடல் கடந்து ஆங்கிலத்துக்குப் போனதே.